மெதடிஸ்ட் முறை

கல்லறைப் படிவத்தில் மொத்தம் ஒன்பது கட்டங்கள். ஐந்தாவது கட்டம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காளவாசலுக்குப் பின்னால் உள்ள சந்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். அன்று காலை ஒன்பது மணிக்குப் பரவை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தவர் அப்படியே அதன் மேல் சாய்ந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது. முந்தின ஞாயிறுகூட இரண்டு ஊரில் பிரசங்கம் செய்திருந்தார். மதியம் இரண்டு மணிக்குச் சபைச் செயலாளர் படிவத்தோடு வந்து, அம்மாவுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பெயர், வயது, தொழில், முகவரி எழுதினார். 'சபையில் வகித்த பொறுப்பு' என்ற ஐந்தாவது கட்டத்தில், 'லே பிரீச்சர், முப்பத்தொரு வருடம்' என்று கொஞ்சம் பெருமையோடு எழுதினார். பிறகு பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"அம்மா, ஐயாவோட ஞானஸ்நான நம்பர் வேணும். நம்ம புஸ்தகத்துல தேடிட்டேன், இல்ல. மெதடிஸ்டு சபையில எடுத்திருப்பாரு. அந்தக் கார்டு எங்கயாச்சும் இருக்கும், பாருங்க."

நான் எழுந்து பீரோவைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"தேடாத. இருந்தாத்தானே கிடைக்கும்."

"தொலைஞ்சிருச்சா?"

"தொலையிறதுக்கு என்ன இருக்கு? அவரு ஞானஸ்நானமே எடுக்கல."

செயலாளர் என்னைப் பார்த்து, "பாவம், துக்கத்துல என்ன பேசுறோம்னே தெரியல" என்றார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்கய்யா. நெசமாத்தான் சொல்றேன். அவரு எடுக்கல. கடைசி வரைக்கும் எடுக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா செத்துப்போனார் என்று காலையில் போன் வந்தபோதுகூட அப்படி ஆகவில்லை. சாவை மனசு எங்கேயோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இதை எப்படி எதிர்பார்ப்பது? நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். தாய்ப் பத்திரம் இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. என் சொந்த அப்பாவுக்கே தாய்ப் பத்திரம் இல்லை என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில், அவர் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்பதற்காக வெளி மாவட்டத்தில் ஒரு மெதடிஸ்ட் ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பத்து வருடம் இருந்தார். சோற்றோடு சேர்த்து வேறொன்றும் அவருக்குள் போய்விட்டது. காலை மூன்று மணிக்கு எழுந்து முழங்கால் போடுவது, அன்றன்று செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நோட்டில் எழுதுவது, செவ்வாயும் வெள்ளியும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, எதையும் நேரத்தோடு செய்வது என்று சாகும்வரை ஒரு பழக்கத்தையும் விடவில்லை. "மெதடிஸ்டுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? முறைக்காரன்" என்பார். எங்கள் ஊர்ப் பெண்கள் விடுவார்களா? "யாருக்கு அண்ணே முறை? எனக்கா, எந்தங்கச்சிக்கா?" என்று கேலி செய்வார்கள். அப்பா காது வரைக்கும் சிவந்துபோவார்.

நாங்கள் போன சபை மெதடிஸ்ட் சபை இல்லை. அங்கே அவர் ஒருவர்தான் அந்த வகை. மார்க்கெட்டில் கமிஷன் கடை எடை வேலை முடிந்ததும், குளித்துவிட்டுச் சபைக் கோயிலைக் கூட்டிப் பெருக்கப் போவார். அப்படித்தான் உள்ளே நுழைந்தார். ஒரு ஞாயிறு கிராமத்துச் சபைக்குப் போதகர் ஐயர் வர முடியாமல் போக, கூடியிருந்த இருபது பேரை வெறும் கையோடு அனுப்ப மனம் வராமல் எழுந்து நின்று பேசினார். அதற்கப்புறம் ஐயர் வராத ஞாயிறெல்லாம் அவர்தான்; குருப்பட்டம் வாங்காத அப்படிப்பட்ட பிரசங்கியாருக்குத்தான் லே பிரீச்சர் என்று பெயர். பிரசங்கம் என்று பார்த்தால் அப்பா சுமார்தான். எங்கே ஆரம்பித்தாலும் தராசில் வந்து முடிப்பார். ஆனால் டிவிஎஸ் வண்டியில் மழையோ வெயிலோ சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பார். ஜனங்களுக்கு அது போதும். மார்க்கெட்டிலும் அப்படித்தான். விவசாயிகள் அவர் எடை போடும் தராசுக்குத்தான் வரிசை கட்டுவார்கள். வாயிலிருந்து பொய் வராத ஆள் என்று பெயர்.

அவர் திருவிருந்து எடுப்பதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு, ஐயர் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க ஆரம்பித்ததும், அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கைக்குழந்தைக்காரிகள் வரிசையில் நிற்பதற்கு முன்னால் பிள்ளைகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இரண்டு. அத்தனையையும் சமாளித்துக்கொண்டு, எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை செருப்புகளுக்கு நடுவில் நிற்பார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறி வருகிற ஐயர்கள் ஒவ்வொருவரும், "அவர் ஏன் வரலை?" என்று கேட்பார்கள். யாராவது ஒருவர், "அது மெதடிஸ்டு முறைங்கய்யா. லே பிரீச்சர் வாசல்லதான் நிக்கணும்" என்று விளக்கம் சொல்வார். வந்த ஐயரும் தனக்குத் தெரியாத ஏதோ சட்டம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார். மெதடிஸ்ட் சபையில் அப்படி ஒரு முறையும் கிடையாது. போன் போட்டுக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். முப்பத்தொரு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

அப்பா செத்த அன்றைக்கு அம்மாவிடம் நான் கத்தியது அதைத்தான். "அப்ப மெதடிஸ்டு முறைன்னு ஊரையே ஏமாத்தினாரா?"

"அவரு எங்க சொன்னாரு? நீங்கள்லாம் சொன்னீங்க. ஞானஸ்நானம் எடுக்காதவுக திருவிருந்து எடுக்கக்கூடாதுன்னு அவரு சும்மா வாசல்ல நின்னாரு."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த வாக்கியத்தை ஒரு நாள்கூட அப்பா வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

செய்தி சாமியானாவுக்கு வெளியே போய்ச் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "முழுக்கு எடுக்காத ஆளா நமக்கு இம்புட்டு நாளா பிரசங்கம் பண்ணாரு?" என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. அப்படிக் கேட்டவர் தன் கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, அப்பாதான் நாற்பது நாள் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு போனார். இன்னொரு பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு, "எம்மூணு பிள்ளையையும் அவரு தோள்லதானே போட்டுட்டுப் போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கோபமா, அழுகையா, எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

இவர்களெல்லாம் அதிர்ந்ததற்கும் நான் அதிர்ந்ததற்கும் வித்தியாசம் இருந்தது. எனக்கு வேறு ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அது வந்ததும் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம். கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். எங்கள் பழைய காகிதங்களில் எல்லாம் 'இந்து' என்றுதான் இருந்தது. அம்மா சபைக்கு வருவாள், ஆனால் பொட்டை அழித்ததில்லை; அது ஊருக்கே தெரியும். எனக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. "வளந்து நீயே முடிவு பண்ணிக்க தாயி" என்று அப்பா விட்டிருந்தார். அப்பா விஷயம் அப்படி இல்லை. அவர் ஊரறிந்த பிரசங்கியார். மதம் மாறினால் எங்கள் ஜனங்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் இல்லை என்பது சட்டம். யாரோ ஒரு புண்ணியவான், 'இவர் கிறிஸ்தவப் பிரசங்கியார், மகளுக்குச் சலுகை கொடுக்காதீர்கள்' என்று மொட்டை மனு போட்டுவிட்டான். வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே விசாரணைக்கு வந்தார்.

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா டீ போட்டாள். சுவரில் வேத வசனக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிடலாம் என்று அம்மா காலையில் சொன்னதற்கு, "இருக்கிறது இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"பிரசங்கம் பண்றீங்களாமே?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பண்றேன் சார்."

"அப்ப நீங்க கிறிஸ்தவரா?"

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஞானஸ்நானம் எடுக்கல சார். எந்தச் சபைப் புஸ்தகத்துலயும் எம்பேரு கிடையாது. எங்க வேணாலும் தேடிப் பாத்துக்கங்க."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அவருக்கு அன்று இன்னும் நாலு வீடு இருந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போனார். பதினைந்து நாளில் சான்றிதழ் வந்தது.

எனக்கு அன்றைக்கு உலகமே தலைகீழானது. அரை கிலோ குறைந்தாலும் கூடினாலும் விவசாயியைத் திரும்பக் கூப்பிடுகிற மனிதர், எனக்காகப் பச்சைப் பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அதுவும் எதைப் பற்றி? தன் உயிராக நினைத்த ஒன்றை 'எனக்கு இல்லை' என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் சபைக்குப் போகவில்லை. அவர் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. அவர் வேதப்புத்தகத்தை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போவேன். பொய் என்று நினைத்தும் அந்தச் சான்றிதழை வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை. அதைக் கொடுத்துக் கல்லூரியில் சேர்ந்தேன், அதைக் கொடுத்துத்தான் தேர்வாணையத் தேர்வு எழுதினேன். என் ரோஷமெல்லாம் அப்பாவிடம் மட்டும்தான்.

வேலைக்கான ஆணை வந்த அன்று அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜெபம் பண்ணத் தலையைக் குனிந்தார். நான் விட்டேனா?

"வேணாம்ப்பா. பொய் சொல்லி வாங்குனதுக்கு நன்றி வேறயா?"

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டியதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். "சரி தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சந்து முனைக் கடைக்குப் போய்க் கால் கிலோ அல்வா வாங்கிவந்தார். நான் அதைத் தின்றேன்.

அந்த 'சரி தாயி'யைத்தான் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நினைத்தேன். அவர் பொய்யே சொல்லவில்லை. ஆய்வாளரிடம் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம். இருபத்தாறு வருடமாக ஒரு நிஜத்துக்காக நான் அவரைத் தண்டித்திருக்கிறேன். 'தப்பு பண்ணிட்டேம்ப்பா' என்று சொல்லலாம் என்றால், கேட்க வேண்டியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

ஐயர் வந்தார். இந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, சின்ன வயது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. தெருவில் நின்று மேலிடத்துக்கு மூன்று போன் போட்டார். திரும்பி வந்து அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நம்பர் இல்லாம நம்ம கல்லறையில வைக்க விதி இல்லேங்கிறாங்கம்மா. ஏற்கெனவே ஒரு கல்லறைத் தகராறு கோர்ட்ல கிடக்கு. நான் வந்த முதல் மாசம் ஒவ்வொரு ஊரா வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி, இது யாரு வீடு, அது யாரு வீடுன்னு காட்டுனதே அவருதான். எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியலம்மா."

அதுவரை மூலையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்தார். அப்பாவின் தம்பி. கிராமத்திலேயே இருந்து, கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதல் முதலாகச் சொந்தமாக அறுபது சென்ட் வாங்கி மல்லிகை போட்டிருப்பவர். சபைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

"எதுக்கு மதினி இம்புட்டு யோசனை? அண்ணனை நான் கொண்டுபோறேன். எங்க ஊரு சுடுகாட்டுல யாரும் நம்பரு கேக்க மாட்டாக."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

நாலரை மணிக்குக் கிளம்பினோம். சபையிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு வேனும் ஏழெட்டு பைக்கும் பின்னால் வந்தன. கீழாநெல்லிக்காரரும் வந்தார், யாரோடும் பேசாமல். பரவையைத் தாண்டும்போது மார்க்கெட்டுக்காரர்கள் வண்டியை நிறுத்தி, அப்பா மேல் ஒரு மாலையைப் போட்டார்கள். சுடுகாட்டில் இறக்கியதும் சித்தப்பா தலைமாட்டில் நின்று, "அண்ணே, ஊருக்கு வந்துட்டம்ணே" என்று சத்தமாகச் சொன்னார். ஐயர் அங்கி போடாமல், வெள்ளைச் சட்டையில் குழி ஓரத்தில் நின்று ஜெபித்தார். அங்கி போட்டால்தான் விதி வரும், சட்டைக்கு என்ன விதி என்று அவரே யோசித்திருக்க வேண்டும். பாட்டு ஆரம்பித்தது. பாதியில் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டதால் அது முடியவே இல்லை.

மூன்றாம் நாள் வில்லாபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு அம்மாவை அழைத்துவந்தேன். சாப்பிட வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு இன்னமும் ஆறவில்லை. முதலில் கோபமாகத்தான் கேட்டேன். சொல்லாமல் இருப்பதும் பொய்யில் சேர்த்திதானே என்று அன்றும் தோன்றியது, இன்றும் சில நாள் தோன்றுகிறது.

"ஏம்மா எடுக்கல? அவருக்கு அதுல இருந்த ஆசைக்கு?"

"மொதல்ல அவுக அய்யா விடல. ஹாஸ்டல்ல விடும்போதே, 'சோத்தைத் தின்னுக்க, தண்ணியை மட்டும் ஊத்திக்காத'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அந்த அய்யா செத்த வருசம் எடுத்துக்கிறேன்னு நாளே குறிச்சாரு உங்கப்பா. அப்ப நீ ஏழாவது படிச்ச. வாத்தியாரு கூப்பிட்டு, 'புள்ள நல்லாப் படிக்கிது, சர்ட்டிபிகேட்டக் கெடுத்துறாதீங்க'ன்னு சொன்னாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம், 'புள்ள படிச்சு முடிக்கட்டும்'னுட்டாரு."

"அவரப் பொய்யன்னு சொன்னேனேம்மா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். விடல. 'அவ ரோஷக்காரி. தெரிஞ்சா அன்னைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்து நிப்பா. என்னைப் பொய்யன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும், அவ மேசையில உக்காரட்டும்'னாரு."

நான் வேலையை விட்டிருப்பேன் என்று அவர் நம்பியிருக்கிறார். அது அவ்வளவு பெரிய அடியாக என்மேல் விழும் என்று நினைக்கவில்லை. விட்டிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றி அத்தனை உயர்வாக நினைத்த ஒரே மனிதர் அவர்தான்.

"சரி, வேலைதான் கிடைச்சிருச்சே. அதுக்குப் பிறகாவது எடுத்திருக்கலாம்ல?"

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கேட்டேன். மறுபடியும் எவனாச்சும் மொட்டை மனு போட்டான்னா உன் வேலைக்கு ஆபத்து வரும்னு பயந்தாரு. 'பாப்பா ரிட்டயர் ஆகட்டும், மறுநாளே எடுத்துக்கிறேன்'னாரு."

அரசு ஓய்வு வயதை அறுபதாக உயர்த்திய நாள் ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். சந்தோஷத்தில், வருடக்கணக்கில் சரியாகப் பேசாத அப்பாவுக்கு நானே போன் போட்டேன். "மறுபடியும் ஒரு வருசம் கூடியிருக்குப்பா, அறுபதாக்கிட்டாங்க" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"அறுபதா?" என்றார். பிறகு, "நல்லது தாயி, ரொம்ப நல்லது" என்றார்.

எனக்கு இன்னும் பதினேழு வருடம் சர்வீஸ் இருக்கிறது.